பூனாச்சி: முதலில் அது ஓர் ஆடு



உங்கள் படிவம் நான்கு வகுப்பில் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்: "ஆடு என்றால் என்ன?" பாக்கார் ஆராங்கில் என் வகுப்பில் கேட்டபோது வந்த பதில்கள் இவை. "மட்டன், டீச்சர்." "கம்பிங்." "டான்ஸ் ஆடு!" கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "முனியாண்டி கோவில்ல வெட்டுவாங்களே, அது," என்றான்.

நான்கும் சரிதான். ஆனால், உயிரோடு நின்று தழை தின்று குட்டி போடுகிற ஆடு ஒரு பதிலிலும் இல்லை. சட்டியில் இருக்கிறது, மேடையில் இருக்கிறது, பலிபீடத்தில் இருக்கிறது. கொட்டகையில் மட்டும் இல்லை.

இதில் பிள்ளைகளின் குற்றம் ஒன்றும் இல்லை. பாக்கார் ஆராங் என்ற பெயருக்குக் கரி சுடுதல் என்று பொருள். இன்று அங்கே கரி சுடுபவர் யார்? தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும்தான். அதே போலத்தான் ஆடும். சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் லயத்துக்குப் பின்னால் இரண்டு ஆடு, ஒரு மாடு கட்டி வளர்த்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கு ஆடு என்பது பேரங்காடியின் குளிர்பெட்டியில் கிடக்கும் பொட்டலம். சொல் அப்படியே இருக்கிறது, பொருள்தான் கையை விட்டுப் போய்விட்டது.

இந்தக் கட்டுரையில் பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' நாவலை உங்களோடு சேர்ந்து வாசிக்கப் போகிறேன். கூடவே 'ஆடு' என்ற சொல்லின் இலக்கணத்தையும் பார்ப்போம். இரண்டும் வேறு வேறு பாடம் என்றுதான் நானும் முன்பு நினைத்திருந்தேன். ஒரு மாணவியின் விடைத்தாளைத் தவறாகத் திருத்திய பிறகுதான் இரண்டும் ஒரே பாடம் என்று புரிந்தது. அந்தக் கதையை நடுவில் சொல்கிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

பழந்தமிழில் ஆட்டின் பெயர் 'யாடு'. யானை ஆனையானது போல, யாறு ஆறானது போல, யாமை ஆமையானது போல, யாடு தன் முதலெழுத்தின் யகர மெய்யை இழந்து ஆடு ஆயிற்று. அப்படி ஆனதும் ஏற்கெனவே இருந்த 'ஆடு' என்னும் வினையோடு உருவத்தில் ஒன்றாகிவிட்டது. ஆகவே விலங்கும் நடனமும் பிறப்பிலேயே ஒன்று என்று மாணவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள். அவை இரண்டு சொற்கள். இன்று ஒரே சட்டையைப் போட்டிருக்கின்றன.

சட்டை ஒன்றானாலும் நடை வேறு. இதைத்தான் தேர்வு எழுதுவோர் கவனிக்க வேண்டும். பெயர்ச்சொல்லான ஆடு நெடில்தொடர்க் குற்றியலுகரம். வேற்றுமை உருபையோ வேறொரு பெயரையோ ஏற்கும்போது டகரம் இரட்டிக்கும்: ஆட்டை, ஆட்டுக்கு, ஆட்டுப்பால், ஆட்டுத்தோல். வினைப்பகுதியான ஆடு வினைத்தொகையில் வரும்போது இரட்டிக்காது: ஆடுகளம், ஆடுகொடி. 'ஆட்டுக்களம்' என்று எழுதினால் அங்கே விளையாட்டு வீரர் நிற்க மாட்டார், ஆடுதான் நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'ஆடு' என்ற வினையின் பிறவினை 'ஆட்டு'. ஆகவே ஆட்டுக்கல்லில் இருப்பது வினை; மாவை ஆட்டும் கல். ஆட்டுக்காலில் இருப்பது பெயர், ஆட்டினது கால். ஒரு துணைக்கால்தான் வித்தியாசம், ஒன்றில் மாவு அரைக்கலாம், மற்றொன்றில் சூப்பு வைக்கலாம்.

ஆடுபுலி ஆட்டத்தையும் மறக்க வேண்டாம். அங்கே ஆடுகிற புலி இல்லை. ஆடும் புலியும் எதிரெதிராக நிற்கும் ஆட்டம் அது. எனவே ஆடுபுலி உம்மைத்தொகை. பெயராகவே இருந்தும் டகரம் இரட்டிக்காததற்கும், பகரம் மிகாததற்கும் அதுவே காரணம். ஒரே சொற்றொடரில் முதல் ஆடு விலங்கு, கடைசி ஆட்டம் விளையாட்டு. வகுப்பில் இதைக் கொடுத்தால் பத்து நிமிடம் சண்டை போட்டுக்கொள்வார்கள். நல்ல சண்டை.

தொல்காப்பியத்தின் மரபியலை எடுத்துப் பாருங்கள். ஆட்டின் குட்டிக்கு மறி என்ற பெயரும் உண்டு. ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என்ற பெயர்கள். பெண்ணுக்கு மூடு, கடமை. ஆம், கடமையேதான்! நாம் காலைக் கூட்டத்தில் மாணவர்களுக்கு ஓயாமல் நினைவூட்டும் அதே எழுத்துகள். பெண் ஆட்டுக்குத் தனிப் பெயர், ஆணுக்குத் தனிப் பெயர், குட்டிக்குத் தனிப் பெயர் வைத்திருந்த சமூகம் ஆட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த சமூகம். மூடு இன்னும் சாகவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெண்குட்டியை மூட்டுக்குட்டி என்று சொல்லும் வழக்கு உண்டு. நம் பிள்ளைகள் மூடு என்றால் கதவைத்தான் நினைப்பார்கள்.

கறுப்பான வெள்ளாடு

இப்போது நாவலுக்கு வருவோம். பெருமாள்முருகன் தமிழ்ப் பேராசிரியர். வேளாண் குடும்பத்தில் ஆடு மாடுகளோடு வளர்ந்தவர். 2000ஆம் ஆண்டிலேயே 'கூளமாதாரி' நாவலில் ஆடு மேய்க்கும் சிறுவர்களின் உலகத்தை எழுதியவர். 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால், 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று தானே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் அந்த ஆண்டின் இறுதியில் காலச்சுவடு வெளியீடாக வந்த நாவல்தான் பூனாச்சி. என். கல்யாணராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2018இல் வந்தது. மனிதர்களைப் பற்றியும் தெய்வங்களைப் பற்றியும் எழுத அச்சமாக இருக்கிறது, ஆட்டைப் பற்றி எழுதினால் வம்பில்லை என்ற பொருளில் அவர் முன்னுரை அமைகிறது.

கதை எளிது. ஒரு கிழவனுக்கு வழியில் ஒரு ராட்சத உருவம் கொண்ட மனிதன் ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டியைக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரே ஈற்றில் பிறந்த ஏழு குட்டிகளில் ஒன்று என்கிறான். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குட்டியைக் கிழவி வளர்க்கிறாள். காட்டுப்பூனையிடமிருந்து அது தப்புகிறது. அரசாங்கத்திடம் காட்டிக் காது குத்தப்படுகிறது. வளர்கிறது, பூவன் என்ற கிடாயை விரும்புகிறது, வேறொரு கிழட்டுக் கிடாயோடு சேர்க்கப்படுகிறது, ஏழு குட்டிகளை ஈனுகிறது. பிறகு மழை பொய்க்கிறது. முடிவை இங்கே சொல்ல மாட்டேன்.

தலைப்பையே கவனியுங்கள். 'ஒரு வெள்ளாட்டின் கதை'. ஆனால் பூனாச்சி கறுப்பு. வெண்மை, ஆடு இரண்டும் சேர்ந்து, பண்புப்பெயரின் ஈறு கெட்டு, 'வெள்' என நின்று, தனிக்குற்றெழுத்தை அடுத்த ளகரம் உயிர் வரும்போது இரட்டி, வெள்ளாடு ஆகிறது. பிரித்தால் பண்புத்தொகை. ஆனால் வழக்கில் அது நிறத்தைச் சொல்லவில்லை, இனத்தைச் சொல்கிறது. அதனால்தான் 'கறுப்பு வெள்ளாடு' என்று தமிழில் தடுமாறாமல் சொல்ல முடிகிறது. செம்மறியும் அப்படியே. செம்மை என்ற நிறப்பெயர் முன்னே நின்றாலும் வெள்ளைச் செம்மறியும் உண்டு, கறுப்புச் செம்மறியும் உண்டு.

நாவலில் அதிகாரிகளுக்குக் கறுப்பு ஆடு என்றாலே சந்தேகம், இருட்டில் கண்ணுக்குத் தெரியாதே! அவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள். கிழவி இனத்தைப் பார்க்கிறாள், உயிரைப் பார்க்கிறாள். வெள்ளாடு என்ற சொல்லுக்குள்ளேயே நிறத்தை மறந்து உயிரைப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது என்பது என் வாசிப்பு. மலேசியாவில் வாழும் நமக்கு இதில் கூடுதலாக ஒன்று கேட்கும். மலாயில் 'கம்பிங் ஹீத்தாம்' என்றால் சொல்லுக்குச் சொல் கறுப்பு ஆடு. பழக்கத்தில் பிறர் குற்றத்தைத் தலையில் சுமக்கும் பலிகடா. நாமக்கல் பக்கத்து எழுத்தாளருக்கு இது நினைவில் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் சுங்கை பட்டாணி மாணவனின் காதில் இது விழாமல் இருக்காது. அவன் தேர்வுத்தாளில் இதை எழுதினால் தயவுசெய்து அடிக்காதீர்கள்.

வளர்ப்புதான் கதை

இந்த நாவலைப் பற்றி வகுப்பில் பேசும்போது நாம் உடனே பலகையில் ஒரு சொல்லை எழுதிவிடுகிறோம்: குறியீடு. ஆடு என்றால் மக்கள். காது குத்துதல் என்றால் அடக்குமுறை. கறுப்பு என்றால் ஒடுக்கப்பட்டோர். எழுதி முடித்ததும் ஆடு போய்விடுகிறது, சூத்திரம் மட்டும் மிஞ்சுகிறது.

என் கருத்து இது. பூனாச்சி குறியீடாக நிற்பதற்குக் காரணம், அது முதலில் உண்மையான ஆடாக நிற்பதுதான். ஆடு வளர்ப்பின் விவரங்கள் நாவலுக்கு அலங்காரம் அல்ல. கதையை நகர்த்துவதே அவைதான்.

தாயில்லாக் குட்டி ஏன் அவ்வளவு பெரிய பிரச்சினை? பிறந்த முதல் சில மணி நேரத்தில் குட்டிக்குச் சீம்பால் கிடைத்தாக வேண்டும். ஆட்டில் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே குட்டிக்குப் போவதில்லை, சீம்பால் வழியாகத்தான் போகிறது. அதைக் குட்டியின் குடல் உறிஞ்சிக்கொள்வதும் ஏறத்தாழ முதல் நாள் மட்டுமே. அது தவறிய குட்டியைக் காப்பாற்றுவது தவம்.

சரி, வீட்டில் பாலுள்ள வேறு ஆடு இருக்கிறதே, அதனிடம் விடலாமே? விட முடியாது. ஈன்ற சிறிது நேரத்திலேயே தாயாடு தன் குட்டியை நக்கி, அதன் வாடையைப் பிடித்துக்கொள்ளும். அந்த வாடை இல்லாத குட்டி மடிக்கு வந்தால் முட்டித் தள்ளும். அது கொடுமை அல்ல. தன் குட்டிக்குரிய பாலைக் காக்கிற இயல்பு. பூனாச்சி வேறொரு தாயின் மடியில் வாய் வைக்கப் படும் பாட்டை வாசிக்கும்போது இது தெரிந்திருந்தால், அந்தப் பக்கங்கள் அனாதைக் குழந்தையின் சோகம் என்பதைத் தாண்டி எங்கோ போகும்.

அடுத்து, சேர்க்கை. வெள்ளாடு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும்; செம்மறிக்குச் சுமார் 17 நாள். பருவத்தில் வாலை ஆட்டும், ஓயாமல் கத்தும், இரை எடுக்காது. அந்த ஓரிரு நாளுக்குள் கிடாய் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். ஆகவே எந்தக் கிடாய் என்பதை ஆட்டின் விருப்பம் தீர்மானிப்பதில்லை, பக்கத்தில் யார் வீட்டில் கிடாய் இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது. பூனாச்சியின் காதல் தோற்பது வில்லன் வந்ததால் அல்ல, வளர்ப்பின் கணக்கால். கிழவனும் கிழவியும் அதன்மேல் அன்பு வைத்தவர்கள்தாம். அன்பு வைத்தவர்களே கயிற்றைப் பிடித்து இழுத்துச் செல்கிறார்கள் என்பதுதான் அந்தப் பகுதியின் வலி.

சினைக்காலம் சுமார் 150 நாள், ஐந்து மாதம். வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு குட்டி, சில சமயம் மூன்று, நான்கு அரிது. மடியில் காம்பு இரண்டுதான். இந்த எண்ணிக்கை தெரிந்தவனுக்குத்தான் 'ஏழு' என்ற எண் இடியாக இறங்கும். ஏழு குட்டி என்பது அதிசயம் என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். அது அதிசயம் மட்டுமல்ல, தண்டனையும்கூட. இரண்டு காம்புக்கு ஏழு வாய். அந்த உடம்பு என்ன ஆகும்? குட்டிகள் விலைபோய் வீட்டுக்கு வரும் பணம் அந்த உடம்பிலிருந்து உருவப்பட்டது. மழை பொய்த்த பிறகு அந்த உடம்பு எதைக் கொண்டு எதை நிரப்பும்?

நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இந்த வகை அறிவு இருந்தது. ஒரு சின்ன எடுத்துக்காட்டு. 1970, 80களில் நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ரப்பர் மரங்களுக்கு அடியில் செம்மறி வளர்க்க ஊக்குவித்தது. செம்மறி குனிந்து புல்லை மேயும். களை குறையும், இறைச்சியும் கிடைக்கும். ஏன் வெள்ளாட்டை விட்டு மேய்க்கவில்லை? வெள்ளாடு நிமிர்ந்து தழை தேடும், மரப்பட்டையைக் கடித்து உரிக்கும். பட்டை போனால் பால் எங்கே? 'ஆடு' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அழைத்துவிட்டுப் போகிறோம், ஆனால் பால்மரத்துக்கு வித்தியாசம் தெரியும்.

நான் செய்த தவறு

இப்போது அந்த விடைத்தாள். பள்ளியின் வாசிப்பு வட்டத்தில் இந்த நாவலைப் படித்தோம். முடிவில், 'பூனாச்சி நாவலில் காணப்படும் குறியீடுகளை விளக்குக' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி, செம்பனைத் தோட்டத்து ஓரத்திலிருந்து வருபவள், இரண்டு பக்கம் முழுக்க ஆட்டைப் பற்றியே எழுதியிருந்தாள். அவள் பாட்டி நான்கைந்து ஆடு வளர்க்கிறாராம். காலையில் புல்லில் ஈரம் காய்ந்த பிறகுதான் அவிழ்த்துவிடுவாராம், இல்லையென்றால் வயிற்றில் புழு ஏறுமாம். கொட்டகைத் தரையை மண்ணிலிருந்து உயர்த்திப் பலகை இடைவெளி விட்டுப் போட்டிருக்கிறாராம், குளம்பு அழுகாமல் இருக்க. வேற்றுக் குட்டிக்குப் பால் கொடுக்காத தாயாட்டைப் பாட்டி மூலையில் பிடித்து நிறுத்தி, தலையைத் தடவிக்கொண்டே ஊட்ட விடுவாராம்.

கடைசிப் பத்தியில் இப்படி எழுதியிருந்தாள்: "பூனாச்சிக்குக் காது குத்த ஒருநாள் வரிசையில் நின்றார்கள். எங்க பாட்டி நீல ஐசிக்கு எத்தனையோ நாள் வரிசையில் நின்னாங்க. இன்னும் சிவப்புதான்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? 'தலைப்பை ஒட்டி எழுதவும். பேச்சு வழக்கைத் தவிர்க்கவும்' என்று சிவப்பு மையில் எழுதி, இருபதுக்கு ஒன்பது போட்டேன். குறிப்பேட்டிலிருந்து மனப்பாடம் செய்து, 'ஆடு என்பது அதிகாரத்தின் கீழ் வாழும் மக்களின் குறியீடாகும்' என்று எழுதிய இன்னொரு மாணவனுக்குப் பதினேழு.

தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "டீச்சர், குறியீடுன்னா நேரா எழுதக் கூடாதா?"

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய் அந்தத் தாளை மறுபடி வாசித்தேன். குறியீட்டை விளக்குக என்றேன். அவள் அதை விளக்கவில்லை, காட்டியிருந்தாள். காதில் ஓட்டை போட்டால்தான் ஓர் உயிர் இருப்பதாகவே கணக்கு என்கிற அரசாங்கத்தை, அவள் தன் வீட்டு அடையாள அட்டையின் நிறத்தில் கண்டுபிடித்திருந்தாள். பிறந்த நாட்டிலேயே குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசியின் சிவப்பு அட்டையோடு முதுமையடைந்த தோட்டத்துப் பெரியவர்களை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். நானும் பார்த்திருக்கிறேன். நாவலை மூன்று முறை வாசித்தும் எனக்கு அது தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. காரணம், அவள் ஆட்டை ஆடாக வாசித்தாள்.

மறுநாள் வகுப்பில் மதிப்பெண்ணை மாற்றினேன். தவறு என்னுடையது என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். பேச்சு வழக்கைத் திருத்தச் சொன்னது சரி, அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அவளே சிரித்துக்கொண்டு 'நின்னாங்க' என்பதை 'நின்றார்' என்று மாற்றினாள். பாட்டியின் அட்டையின் நிறத்தை எங்களால் மாற்ற முடியவில்லை.

இரண்டு வழுவமைதிகள்

இந்த நாவலுக்கு நான் கண்ட திறவுகோல் நன்னூலில் இருக்கிறது. திணை வழுவமைதி. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்னும் ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மாறி வந்தாலும் குற்றமில்லை என்கிறது நன்னூல். மகிழ்ச்சியில் பசுவைத் தாயாக்கி, வந்தாள் என்று முடிப்பது உவப்பு. மனிதனை இழித்து, இந்த மாடு எங்கே போனது என்று கேட்பது இழிப்பு.

பூனாச்சியில் இரண்டும் நடக்கின்றன. கிழவி ஆட்டுக்குட்டியை மகளாக வளர்க்கிறாள். அஃறிணை மேலே ஏறுகிறது. அரசாங்கம் வரிசையில் நிற்கும் மனிதர்களை மந்தையாக நடத்துகிறது. உயர்திணை கீழே இறங்குகிறது. ஒன்று உவப்பால் வந்தது, மற்றொன்று இழிப்பால் வந்தது. நாவல் முழுவதும் இந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவில்தான் நடக்கிறது. எங்கள் வாசிப்பு வட்டத்தில் முதல் வாரம் எல்லாரும் 'அது' என்றுதான் பேசினார்கள். பூவன் வந்த பிறகு, "பாவம் டீச்சர், அவளுக்குப் பிடிச்சது வேற ஆளு," என்று 'அவள்' ஆகிவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இலக்கணம் தானாக நடந்தது.

தன்வினையையும் பிறவினையையும் பயன்படுத்திப் பாருங்கள். ஆடு மேய்ந்தது, பாட்டி ஆடு மேய்த்தார். முதல் வாக்கியத்தில் ஆடு எழுவாய். இரண்டாவதில் ஆடு செயப்படுபொருள். ஐ உருபுகூட மறைந்து நிற்கிறது. பூனாச்சியின் வாழ்க்கையை இப்படி இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள். கொடுக்கப்பட்டது, காது குத்தப்பட்டது, சேர்க்கப்பட்டது ஒரு பக்கம். ஓடியது, விரும்பியது, ஈன்றது மறுபக்கம். எந்தப் பட்டியல் நீளம்? அதற்கான விடையே ஒரு நல்ல விமர்சனக் கட்டுரை.

குறையும் சொல்ல வேண்டும்

பாராட்டு மட்டும் எழுதினால் அது விமர்சனம் ஆகாது. எனக்கு இந்த நாவலில் இரண்டு இடங்கள் நெருடுகின்றன.

முதலாவது, அதிகாரிகளும் அரசாங்கமும் வரும் பகுதிகள். கொட்டகைக் காட்சிகளில் வாடை உண்டு, சூடு உண்டு, எச்சில் உண்டு. அலுவலகக் காட்சிகளில் நையாண்டி மட்டுமே உண்டு. அதிகாரிகள் கேலிச்சித்திரமாக நிற்கிறார்கள். நையாண்டி தேவைதான், ஆனால் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், எதிரே உட்கார்ந்திருப்பவரும் களைத்த மனிதர்தான் என்று. அந்த மனிதர் இந்நாவலில் இல்லை.

இரண்டாவது, பூனாச்சியின் காதல். குட்டியை இழந்த தாயின் தவிப்பு ஆட்டினுடையதாகவே இருக்கிறது. ஆனால் பூவனை நினைத்து ஏங்கும் இடங்களில் ஆட்டின் மூக்கு மறைந்து, மனிதக் கதாநாயகியின் மனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆடு எதையும் முதலில் வாடையால் அறியும். அந்தப் பகுதிகளில் வாடை குறைகிறது, சொல் கூடுகிறது. ஆசிரியர் தன் சொந்த விதியை அங்கே தளர்த்திவிட்டார் என்று நினைக்கிறேன். நீங்கள் இதை மறுக்கலாம். மறுத்து எழுதினால் மகிழ்ச்சியோடு வாசிப்பேன்.

மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்

மாணவர்களே, எந்தப் படைப்பிலும் ஒரு விலங்கோ மரமோ வந்தால், அது எதைக் குறிக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அது என்ன தின்னும், எப்படிப் பிறக்கும், எதற்குப் பயப்படும் என்று கேளுங்கள். பிறகு குறியீட்டுக்கு வாருங்கள். விடைத்தாளில் 'குறியீடாகும்' என்று முடிக்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கதையிலிருந்து ஒரு செயலைச் சான்றாகக் கொடுங்கள். சான்று இல்லாத குறியீடு வெறும் மனப்பாடம்.

ஒரு சிறு பயிற்சி. பின்வருவனவற்றின் தொகையைக் கூறுக: ஆடுகளம், ஆட்டுத்தோல், ஆடுமாடு, வெள்ளாடு, செம்மறியாடு, ஆடு மேய்த்தார். முறையே விடைகள்: வினைத்தொகை, ஆறாம் வேற்றுமைத்தொகை, உம்மைத்தொகை, பண்புத்தொகை, இருபெயரொட்டுப் பண்புத்தொகை, இரண்டாம் வேற்றுமைத்தொகை. செம்மறியாட்டில் செம்மறி சிறப்புப்பெயர், ஆடு பொதுப்பெயர். இரண்டும் ஒரே விலங்கைச் சுட்டுவதால் இருபெயரொட்டு. இத்தனை தொகைகளும் 'ஆடு' என்ற ஒரு சொல்லைச் சுற்றியே கிடைத்துவிட்டன.

ஆசிரியர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த நாவலையோ, விலங்கு வரும் எந்தக் கதையையோ நடத்துவதற்கு முன், "உங்க வீட்ல யாராவது ஆடு மாடு வளர்த்திருக்காங்களா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, வீட்டுப் பெரியவர்களிடமிருந்து ஆட்டைப் பற்றிய ஐந்து சொற்களை எழுதிவரச் சொல்லுங்கள். சென்ற முறை எனக்குக் கிடைத்தவற்றில் சில: சீம்பால், கொட்டகை, பட்டி, சினை, காயடிப்பு, கிடா. இவற்றில் பாதியை மாணவர்கள் அதுவரை கேட்டதே இல்லை. ஆனால் அவர்கள் வீட்டிலேயே அந்தச் சொற்கள் இத்தனை நாளாக இருந்தன. கேட்கத்தான் ஆளில்லை.

அந்த மாணவியின் பாட்டி ஒருநாள் பள்ளிக்கு வந்திருந்தார், மதிப்பெண் அட்டையில் கையொப்பமிட. "பேத்தி நல்லா எழுதுறாளா டீச்சர்?" என்று கேட்டார். "உங்க ஆட்டைப் பத்தி எழுதுனா, பாட்டி. எனக்குத் தெரியாதது நெறைய இருந்துச்சு," என்றேன். அவர் சிரித்தார். "ஆட்டைப் பத்தி என்னம்மா இருக்கு எழுத?" என்றார்.

நிறைய இருக்கிறது, பாட்டி. 'ஆடு' என்றால் என்ன என்று அடுத்த முறை வகுப்பில் கேட்கும்போது, உங்கள் கொட்டகையிலிருந்துதான் தொடங்குவேன்.